சாம்பல் புள்ளிகள்

கல்யாணமாகி மீனாட்சிபுரத்துக்கு வந்தபோது, நான் வேலை பார்ப்பதற்கென்று வீட்டில் ஓர் அறை வேண்டியிருந்தது. என் வேலை வெளிநாட்டிலிருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தோடு. அதற்காக அங்கே போக வேண்டியதில்லை. நல்ல இணைய இணைப்பும், கதவைச் சாத்தினால் யாரும் வராத நாலு சுவரும் போதும். முன்பக்கத்து அறைகளில் எப்போதும் ஆள் நடமாட்டம். தேங்காய் வியாபாரி, மோட்டார் பழுது பார்க்க வருகிறவர், மாமனாரைப் பார்க்க வரும் பால் சொசைட்டிக்காரர்கள். மிச்சமிருந்தது கிழக்குப் பக்கத்து அறை ஒன்றுதான்.

அதைத் திறந்து கொடுத்தது என் வீட்டுக்காரர். உள்ளே ஒரு கட்டில், கண்ணாடி பதித்த பீரோ, ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் இளம்பெண்ணின் படம். மஞ்சள் பட்டுச் சேலை, ஸ்டுடியோ வெளிச்சம், வாயை மூடிக்கொண்டு சிரித்த முகம். படத்துக்குச் சந்தன மாலை.

"அக்கா" என்றார். "கோயமுத்தூர்ல படிச்சிட்டு இருக்கறப்ப மஞ்சக் காமாலை வந்து போயிருச்சு. அங்கியே எரிச்சுட்டு வந்துட்டாங்க."

பெண் பார்க்க வந்தபோதே எங்கள் வீட்டில் இதைச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். பார்த்தேயிராத நங்கையாவின் அறையில் என் கணினியை வைத்தேன்.

"பயமா இருந்தா படத்தக் கழட்டி வேற பக்கம் மாட்டிக்கலாம்" என்றார்.

"செத்தவங்க என்ன பண்ணப் போறாங்க. இருக்கட்டுமுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் சில மாதங்கள் அந்தப் படம் என்னை எதுவும் செய்யவில்லை. வீடியோ அழைப்புகளில்தான் அது குறுக்கே வந்தது. கேமராவில் என் தோளுக்குப் பின்னால் அவர் முகம் தெரியும். ஆய்வுக்கூடத்தில் என் வேலைக்குப் பொறுப்பானவர் ஒரு நடுவயதுப் பெண். ஒருநாள் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, உன் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்டார். என் கணவரின் அக்கா, இறந்துவிட்டார் என்றேன். வருத்தம் தெரிவித்தார். அதன்பிறகு குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். நானும் அதே பதிலைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை வாயில் வழுவழுப்பாகிவிட்டது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மிக நீளமான ஒரு குழாய். அதற்குள் காற்றே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் கூட்டம் கூட்டமாக அதற்குள் விரட்டுவார்கள். வழிநெடுகக் காந்தங்கள் இருந்து அந்தக் கூட்டத்தைச் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். இதுதான் துகள் முடுக்கி. அதைக் கட்டுவதற்கு முன்னால், எந்தக் காந்தம் எங்கே இருந்தால் கூட்டம் எப்படி ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். காந்தத்தை மயிரிழை நகர்த்தி ஒரு ஓட்டம், மறுபடி நகர்த்தி இன்னொரு ஓட்டம் என்று ஆயிரக்கணக்கில் போகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு துகளும் எந்தெந்த இடத்தில் இருந்தது என்பது பதிவாகும். அத்தனையையும் ஆள் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் பார்க்கிற வேலையை ஒரு கணினி நிரலிடம் விட்டிருந்தோம். அந்த நிரலை எழுதியது நான்.

அது அங்கேயே, அந்தப் பெரிய கணினிகளிலேயே இருந்துகொண்டு, ஓட்டம் முடிய முடியத் தரவைப் படிக்கும். கூட்டம் எவ்வளவு அகலம், எங்கே சிதறியது, எத்தனை துகள்கள் குழாய்ச் சுவரில் மோதிக் காணாமல் போயின என்று அளந்து, படம் வரைந்து, ஒரே பக்கத்தில் சுருக்கி எனக்கு அனுப்பும். பிறகு மூலத் தரவை அழித்துவிடும். வைத்துக்கொள்ள எங்கும் இடம் கிடையாது. காலையில் காப்பியோடு நான் பார்ப்பது அந்தச் சுருக்கங்களைத்தான்.

சுவரில் மோதிய துகளுக்குத் தரவில் ஒரு குறி இருக்கும். போய்விட்டது என்பதற்கான குறி. அதை வைப்பது வேறொரு நிரல். என் நிரல் அந்தக் குறியைக் கண்டதும் அந்தத் துகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். மேற்கொண்டு அதன் பாதையைப் படிப்பதில்லை. படத்தில் ஓடும் துகள்கள் நீலம். போனவை, போன இடத்திலேயே நிற்கும் சாம்பல் புள்ளிகள்.

மாமியார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அந்த அறைக்கு வருவார். ஒரு துணியால் படத்தைத் துடைத்துவிட்டுக் கட்டிலில் உட்காருவார். மாடுகளுக்குத் தண்ணி காட்டும் நேரம் வரை என் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு அதிகம் இருக்காது.

"இதென்ன அம்மிணி, புள்ளி புள்ளியா ஓடுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒரு கொழாய்க்குள்ள தூசி ஓடற மாதிரி வெச்சுக்கங்க அத்தை. நெசமா ஓடலீங்க. ஓடுனா எப்படி ஓடும்னு கணக்குப் போட்டுப் பாக்கறது."

"ஓடாததையா பாத்துட்டு இருக்கறே?"

"ஆமாங்க."

அவர் சிரிக்கவில்லை. "அந்தச் சாம்ப நெறத்துல நிக்கறது?"

"அதெல்லாம் செவுத்துல பட்டுப் போயிருச்சுங்க. கணக்குல கெடையாது."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு எழுந்து, படத்தின் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

ஆடி அமாவாசைக்கு அந்தப் படத்துக்கு முன்னால் ஓர் இலை போட்டுப் படைத்தார்கள். மாமனார் அறைக்குள் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். எல்லாரும் கும்பிட்டோம். மாமியார் மட்டும் கை கூப்பவில்லை. கையில் கரண்டி இருந்ததால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மழை ஓயும் சமயத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு புகார் வந்தது. எங்கள் ஓட்டங்களில் ஒன்றின் மூலத் தரவை, என் நிரல் அழிப்பதற்கு முன்னால், வேறொரு குழு படியெடுத்து வைத்திருந்தது. அவர்கள் தங்கள் வழியில் கணக்கிட்டபோது கூட்டத்தின் ஓரம் நாங்கள் சொன்னதைவிடத் தடிமனாக இருந்தது. எப்படி என்று கேட்டார்கள். அந்தப் படியை வாங்கி, என் நிரலை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தேன். தப்பு அகப்படவில்லை. வேறு வழி தெரியாமல், அதுவரை யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். நீலத்தையெல்லாம் மறைத்துவிட்டு, நீக்கிய துகள்களை மட்டும், அவை நீக்கப்பட்ட பிறகு என்ன ஆயின என்று வரையச் சொன்னேன்.

அவை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மோதியதாகச் சொன்ன இடத்தைத் தாண்டி, அடுத்த காந்தத்தில் ஒழுங்காகத் திரும்பி, அதற்கடுத்ததில் குவிந்து, மறுபடி விரிந்து, குழாயின் கடைசிவரை போயின. சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டமே, நீலக் கூட்டத்தின் ஓரமாக, அதன் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே நல்ல வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை இழுத்து இழுத்து அடித்தது. மாமனாரும் வீட்டுக்காரரும் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போயிருந்தார்கள், மாமியார் கோயிலுக்கு. வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

குழுவில் அவற்றுக்குப் பேய்கள் என்று பெயர் வைத்தார்கள். ஏன் ஓடுகின்றன என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மூணாற்றில் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். முடுக்கித் தரவை நிரல்கள் எப்படிப் படிக்கின்றன என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மாமனார் கையைக் கழுவ எழுந்தார். "அவங்களுக்கு வேற ஊரே கெடைக்கலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. கூட வருகிறீர்களா என்று கேட்டதற்கு, தோப்பில் வேலை கிடக்கிறது என்றார்.

கிளம்புகிற அன்று காலையில் மாமியார் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தார். எண்ணெய்ப் பலகாரம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும்.

"இத்தன எதுக்குங்க அத்தை?"

"கொண்டு போ அம்மிணி. போற எடத்துல யாராச்சும் திம்பாங்க."

உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாறு, மறையூர் ஏறிப் போனேன். பட்டறையின் முதல் நாள் அந்தச் சாம்பல் கூட்டத்தைத் திரையில் ஓட்டிக் காட்டினேன். மாணவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், இத்தனை நாள் நீக்கியதில் எத்தனை ஓடியிருக்கும் என்று கேட்டாள். மூலத் தரவு இல்லை, இனி கண்டுபிடிக்க முடியாது என்றேன். அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது எனக்கு மனசு சரியில்லை.

மறுநாள் எங்களைத் தேயிலைத் தொழிற்சாலை பார்க்க ஜீப்புகளில் கூட்டிப் போனார்கள். நான் ஏறிய ஜீப்பின் டிரைவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், குரலெடுத்துப் பேசுகிறவர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். வழியெல்லாம் எது எந்த டிவிஷன், எங்கே யானை இறங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"மேடத்துக்கு எந்தூரு? பேச்சக் கேட்டாக் கோயமுத்தூர் மாதிரி இருக்கு."

"பாலக்காடு ஜில்லாங்க. மீனாட்சிபுரம்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தொழிற்சாலை வாசலில் எங்களை இறக்கிவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று யாரிடமோ போன் பேசினார்.

இலை வாடும் இடம், உருட்டும் இயந்திரம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அங்கேயிருந்த விற்பனைக் கடைக்கு வந்தோம். பில் போடும் இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். கம்பெனி நீலச் சேலை, அதன்மேல் ஸ்வெட்டர். முன்நெற்றியில் கொஞ்சம் நரை. நான் தேயிலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் நிமிர்ந்தார்.

தினமும் என் தோளுக்குப் பின்னால் இருக்கும் முகம் அது. கன்னம் வற்றியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் அந்த முகம்தான். கடைக்குள் எல்லாரும் பேசுவது தண்ணிக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது.

"பை வேணுங்களா?" என்றார். அந்த 'ங்க' எங்கள் ஊருடையது.

பொட்டலம் இன்னும் என் கையிலேயே இருந்தது. அவர் பக்கத்திலிருந்த பெண்ணைப் பில் போடச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தார். பின்னாலேயே போனேன். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பலீங்க. நான் வேலை விஷயமா வந்தேன்."

"நீங்க எந்த ஊடு?"

"உங்க ஊடுதானுங்க. உங்க தம்பி சம்சாரம்."

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஜீப்பு ஓட்டுனாரே, அவருதான் எங்க ஊட்டுக்காரரு. உங்க ஊருக்காரங்க ஒருத்தங்க வர்றாங்க, உள்ள போயிக்கோன்னு போன் பண்ணுனாரு. ஒளிஞ்சுக்கலாம்னுதான் நெனச்சேன். அப்பறம், ஊர்ப் பேச்சு ஒருக்காக் கேக்கலாமேன்னு நின்னுட்டேன்."

நான் தூக்குப்போசியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். ஏன் அதைக் கையோடு கொண்டு வந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. மூடியைத் திறந்தார். வாசனை வந்ததும் மறுபடி மூடி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா சுட்டதா?"

"ஆமாங்க."

"என்ர ரூம்ல இப்ப யாரு இருக்கறா?"

"நான்தானுங்க. அங்கதான் வேலை பாக்கறேன்."

"படம் மாட்டியிருக்குதா?"

நான் பார்வையை அட்டைப்பெட்டிகள் பக்கம் திருப்பினேன்.

"மாலை போட்டது எனக்குத் தெரியும். எந்தப் படம்?"

"மஞ்சப் பட்டுல... ஸ்டுடியோல எடுத்தது."

"அதுவா? மாப்ளை ஊட்டுக்குக் குடுக்கறதுக்கு எடுத்தது. நல்லாவே இல்லைன்னு அப்பவே சொன்னேன்." சிரிக்கப் பார்த்தார். முகம் கோணியது.

கோயம்புத்தூரில் அவர் படித்த கல்லூரியின் பேருந்தில் கிளீனராக இருந்தவராம் அவர் வீட்டுக்காரர். வேறு சாதி. விஷயம் தெரிந்ததும் மாமனார் வேறு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார். ஓடிப்போன பிறகு சொந்தக்காரர்கள் இரண்டு வண்டியில் பொள்ளாச்சியிலிருந்து பழனிவரை தேடியிருக்கிறார்கள். கிடைத்திருந்தால் அந்த மனுஷரை விட்டிருக்க மாட்டார்கள் என்றார்.

"என்னைப் பஸ் ஏத்தி விட்டது தம்பிதான். உங்களுக்குச் சொல்லலியா?"

"இல்லீங்க."

"சொல்லாம இருந்ததும் நல்லதுக்குத்தான். நான் செத்துட்டேன்னு ஊருக்குச் சொன்னதுக்கப்பறந்தான் தேடறத நிறுத்துனாங்க. செத்தவளாட்டவே இருந்துக்கறேன். எம் புள்ளைக்கும் அவருக்கும் அதுதான் நல்லது. நீங்க ஒருத்தருகிட்டயும் சொல்லாதீங்க. நம்பரும் வேண்டாம்."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. கதவருகே போனவர் திரும்பி, "கச்சாயத்துல ஏலக்காய் தூக்கலாப் போட்டிருக்கறாங்க. எனக்குப் புடிக்கும்னு" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போகும் வழியிலும் டிரைவர் பேசவில்லை. விடுதியில் இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஊருக்கு வந்த மறுநாள் சாயங்காலம், தோப்பில் மோட்டார் ரூமுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்காவப் பாத்தேனுங்க."

வால்வைத் திருகிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. தண்ணி பாயும் சத்தம் கூடியது. அந்தச் சத்தத்துக்குள்தான் கேட்டார். "நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கறாங்க. ஒரு கொழந்தை இருக்குது."

அவர் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். கழுவிக்கொண்டே இருந்தார். "நான்தான் அப்பாகிட்டச் சொன்னேன், செத்துட்டதாச் சொல்லீர்லாமுங்கப்பா, மானமாச்சும் மிஞ்சும்னு. அவரு ஒரு நாள் முழுக்கப் பேசல. அப்பறம், மாலை வாங்கிட்டு வாடான்னாரு. நானே வாங்கி, நானே மாட்டுனேன். மாட்டும்போது அக்கா மொகத்தப் பாக்க முடியல. சும்மா பொய்க்குத்தான்னு தெரியும். இருந்தாலும் முடியல."

"அவங்க இருக்கற எடம் அத்தை மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். நீயும் மறந்துரு."

கச்சாயத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வாரமே பேய்களுக்குக் காரணம் கிடைத்தது. குழாயின் அகலங்களை எழுதி வைத்திருந்த அட்டவணையில், ஒரே ஒரு பகுதியில் முழு அகலம் இருக்க வேண்டிய இடத்தில் பாதி அகலம் இருந்தது. குறி வைக்கும் நிரல் அதை நம்பிச் சுவர் இல்லாத இடத்தில் சுவரைக் கண்டது. துகள்களை ஓட்டும் நிரலுக்கு அந்த அட்டவணையோடு சம்பந்தமே இல்லை. அது பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போயிருக்கிறது. அவை எதிலும் மோதவில்லை. எண்ணைத் திருத்தி, கையிலிருந்த அந்த ஒரு ஓட்டத்தை மறுபடி என் நிரலுக்குக் கொடுத்தேன். சாம்பல் பெரும்பாலும் நீலமானது. கூட்டம் தடித்தது. பொறுப்பாளர் மகிழ்ந்தார். பழைய ஓட்டங்கள் எல்லாவற்றையும் சந்தேகத்துக்குரியவை என்று குறித்துவிடச் சொன்னார். அப்படியே செய்தேன். அழிந்துபோன அந்த ஓட்டங்களின் சுருக்கப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சாம்பல் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றை நான் திறப்பதில்லை.

அதே அழைப்பில், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் என் பின்னால் இருப்பது யார் என்று கேட்டார். "என் கணவரின் அக்கா" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்து அவர்கள் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அன்றைக்கே மேசையை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டேன். இப்போது கேமராவில் அவர் தெரிவதில்லை. ஆனால் நான் தலையைத் தூக்கினால் நேரே தெரிகிறார். அந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சொல்ல வந்ததை வாய்க்குள் அடக்கிவைத்திருக்கிறார்.

மாமியார் வழக்கம்போல வந்தார். துடைத்தார். உட்கார்ந்தார்.

"கச்சாயம் எப்படி இருந்துது அம்மிணி?"

"ஏலக்காய் நல்லாத் தூக்கலா இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. துணியை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மறுநாள் கேட்டார்: "மெலிஞ்சிருக்குதா?"

"கொஞ்சம் மெலிவுதானுங்க."

அதற்கடுத்த நாள்: "நரைச்சிருச்சா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. மதியத்துக்கு ஒரு கேள்வி. பேர் சொல்வதில்லை, ஊர் சொல்வதில்லை. செருப்புப் போட்டிருந்ததா. குழந்தை பையனா பெண்ணா. நம்ம பேச்சு பேசுகிறதா, அவங்க பேச்சா. நான் பார்த்தது ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இருக்காது. பார்த்ததெல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோனது. கேள்விகள் தீரவில்லை. குளிருக்குத் தலையில் என்ன கட்டுகிறது என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. பச்சையில் ஒரு கம்பளித் துணி என்றேன். வீட்டில் தண்ணி வசதி எப்படி என்று கேட்டார். பைப்பு வாசலிலேயே இருக்கிறது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அந்த வீடு தெரிய ஆரம்பித்தது. தகரக் கூரை, வாசலில் பீன்ஸ் கொடி, உள்ளே இருமும் ஒரு குழந்தை. எது நான் பார்த்தது, எது நான் சொன்னது என்று சில நாட்களில் எனக்கே பிரிக்க முடிவதில்லை. மாமியாருக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் கேட்கிறார்.

இந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. மலையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டதாக மலையாளச் செய்தியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். மாமியார் அன்றைக்கு அறைக்கு வரவில்லை. சாமி அறையிலேயே இருந்தார். என் வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குத் தீவனம் வாங்கப் போவதாகக் கிளம்பியவர், சாயங்காலமாகியும் திரும்பவில்லை. நான் புது ஓட்டங்களின் சுருக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவருகே நிழல் விழுந்தது. மாமனார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்த நிலைப்படியைத் தாண்டிப் பார்த்ததில்லை. உள்ளே வந்தார். படத்தின் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க மழை ஜாஸ்தின்னு நியூஸ்ல சொல்றான்."

"ஆமாங்க மாமா."

"நீ போயிட்டு வந்தியல்ல. அந்தத் தேயிலை பேக்டரி இருக்கற பக்கம் ரோடெல்லாம் எப்படி? மேட்டுல இருக்குதா, பள்ளத்துலயா?"

தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனதாக நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்காத முகம். பயந்த ஒரு அப்பனின் முகமாகவும் இருந்தது. இத்தனை வருஷமாகத் தேடலை விடாமல் காத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் முகமாகவும் இருந்தது. எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் என்னிடம் கேட்டுக்கொண்டது மட்டும் காதில் இருந்தது.

"நான் அந்தப் பக்கமே போகலீங்க மாமா. ஓட்டல்லயேதான் இருந்தேன். கூட்டமெல்லாம் அங்கியே வெச்சுட்டாங்க."

"அப்படியா?" என்றார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டி, முன்வாசலில் நின்றது. டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். மண் சரிந்த இடங்களின் பெயர்களை ஒரு பெண் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவர், சாமி அறையில் மாமியார், இந்த அறையில் நான். மூன்று பேரும் தனித்தனியாக உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.